சிங்கப்பூரில் முதல் பிரசவம்: பாலிகிளினிக் முதல் 42ஆம் நாள் வரை

வலி உறுதியான அன்று அதிகாலை 3 மணி. என் கணவர் அலமாரியைத் திறந்துபோட்டுத் திருமணச் சான்றிதழைத் தேடிக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் சேர்க்கும்போது அதைக் கேட்பார்களா, மாட்டார்களா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. நான் கட்டில் ஓரத்தைப் பிடித்தபடி நின்றேன். அவர் என் இடுப்பைப் பிடித்துவிட்டிருக்க வேண்டிய நேரம் அது. அந்த இருபது நிமிடம் ஒரு காகிதத்துக்காகப் போனதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

நான் தஞ்சாவூர்ப் பக்கம். கணவர் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருக்கிறார், நான் அவரைச் சார்ந்தவளாக டிபென்டன்ட் பாஸில் வந்தவள். செம்பவாங்கில் வாடகைக்கு ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. பக்கத்தில் சொந்தம் என்றால் கணவரின் அண்ணன் குடும்பம் மட்டும்தான். அவர்கள் குடியுரிமை பெற்றவர்கள் என்பதால் அவர்களுக்கான விதிகள் வேறு, எங்களுக்கானவை வேறு. இது தெரியாமலே பாதி நாள் அண்ணனின் மனைவியான அக்காவிடம் யோசனை கேட்டு அலைந்தோம். அதனால் எந்தப் படி யாருக்குப் பொருந்தும் என்பதைப் பிரித்தே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காகிதம், பணம், ஊரிலிருந்து வருபவர்களின் விசா ஆகிய எல்லாவற்றையும் எட்டாம் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். பிரசவ அறைக்குள் போகும்போது உங்கள் வீட்டுக்காரருக்கு உங்கள் கையைப் பிடித்துக்கொள்வது தவிர வேறு வேலை இருக்கக் கூடாது.

1. எங்கே பார்ப்பது: முதல் இரண்டு மாதத்துக்குள்

பிரசவம் பார்க்கும் அரசு மருத்துவமனைகள் மூன்று: புக்கிட் தீமா ரோட்டில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை, கென்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, அவுட்ரமில் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை. தனியாரில் தாம்சன், மவுண்ட் அல்வெர்னியா, கிளெனீகல்ஸ், மவுண்ட் எலிசபெத் போன்றவை இருக்கின்றன.

நீங்கள் குடிமகளாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்து, மானியக் கட்டணம் வேண்டும் என்றால், நேராக மருத்துவமனைக்குப் போகாதீர்கள். முதலில் வீட்டருகே உள்ள பாலிகிளினிக் (அரசு மருந்தகம்) போய்ச் சோதித்து, அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். மானிய நோயாளியாகப் போனால் குறிப்பிட்ட மருத்துவர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. அன்று பணியில் இருக்கும் குழு பார்க்கும். தனிக் கட்டண நோயாளியாகத் தொடங்கிவிட்டு, ஏழாம் மாதம் பணம் போதவில்லை என்று மானியத்துக்கு மாறுவது சுலபமில்லை. அக்காவின் தோழி ஒருவர் அப்படி மாட்டிக்கொண்டார். ஆரம்பத்திலேயே முடிவெடுங்கள்.

எங்களைப் போன்ற வெளிநாட்டவர்களுக்கு மானியம் கிடையாது. அரசு மருத்துவமனையிலும் முழுக் கட்டணம்தான். அதனால் அரசு ஒன்று, தனியார் ஒன்று என்று இரண்டு இடத்திலாவது விலை கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது. வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் கணக்கில் சேருங்கள். வலியோடு காரில் உட்காரும் ஐந்து நிமிடம் ஐம்பது நிமிடம் போல நீளும்.

2. செலவை எழுத்தில் கேளுங்கள்

நான் அதிகம் தடுமாறியது இதில்தான். ‘பேக்கேஜ்’ என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாச் செலவும் அதில் அடங்கிவிடும் என்று நினைத்துவிட்டோம். பெரும்பாலான பேக்கேஜ்களில் மருத்துவரைப் பார்க்கும் கட்டணமும், சில இடங்களில் ஓரிரு ஸ்கேனும் மட்டுமே இருக்கும். பிரசவம் பார்க்கும் கட்டணம், வார்டு, பிரசவ அறை, மயக்க மருத்துவர், குழந்தை மருத்துவர், மருந்து எல்லாம் தனித்தனியாக வரும். அதற்கு மேல் 9 சதவீத ஜிஎஸ்டி. கவுன்டரில் சொல்லும் தொகை வரிக்கு முந்தியதா பிந்தியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகளை அப்படியே தருகிறேன். சுகப்பிரசவத்துக்கு மதிப்பீடு எவ்வளவு? வேக்கம் (உறிஞ்சு கருவி) அல்லது ஆயுதம் வைத்து எடுத்தால் எவ்வளவு? சிசேரியன் ஆனால் எவ்வளவு? வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசிக்குத் தனியாக எவ்வளவு? குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாள் இருந்தால் எவ்வளவு? சேரும்போது முன்பணம் எவ்வளவு கட்ட வேண்டும்? இந்த ஆறுக்கும் மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். வெவ்வேறு மருத்துவமனைகளில் மக்கள் கட்டிய தொகைகளைச் சுகாதார அமைச்சின் தளத்தில் வெளியிட்டிருக்கிறார்கள். உங்களுக்குச் சொல்லும் தொகையை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கலாம். கணவரின் மெடிசேவும் உதவும். பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனைகளுக்கு மட்டும் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கணக்கில் வரும். ஆனால் அதற்கு முதல் மாதத்திலிருந்து எல்லாப் பில்லும் வேண்டும். பிரசவம் நடக்கும் மருத்துவமனையில்தான் அவற்றைச் சேர்த்துக் கொடுப்பீர்கள். ஒரு பிளாஸ்டிக் உறையை இதற்கென்றே வைத்துவிடுங்கள்.

வெளிநாட்டவர்கள் நம்புவது கம்பெனிக் காப்பீட்டை. பல திட்டங்களில் பிரசவம் அடங்குவதே இல்லை. அடங்கினாலும் காத்திருப்புக் காலம் இருக்கும், 10 மாதம் வரைகூடக் கேட்பார்கள். கர்ப்பம் தெரிந்தபின் எடுத்தால் உதவாது. இன்னொன்று, குழந்தைக்குக் காப்பீடு எந்த நாளிலிருந்து தொடங்கும் என்று கேளுங்கள். சில திட்டங்களில் பிறந்து 15 நாள் கழித்தே தொடங்கும். பிறந்த குழந்தைக்குச் சிகிச்சை தேவைப்பட்டால் செலவு குவிவது அந்த முதல் இரண்டு வாரத்தில்தான்.

தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கச் சொல்லி வரும் விற்பனையாளர்களுக்கும் முன்கூட்டியே ஒரு பதிலைத் தயாராக வைத்திருங்கள். பல ஆண்டு ஒப்பந்தம் அது. கிளினிக் வாசலில், பசியோடு நிற்கும்போது கையெழுத்துப் போட வேண்டிய விஷயமில்லை.

3. பரிசோதனைகளின் வாரக்கணக்கு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மருத்துவரே நினைவூட்டுவார். 11 முதல் 13 வாரத்துக்குள் முதல் பெரிய ஸ்கேன். 18 முதல் 22 வாரத்துக்குள் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன். 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைத் தண்ணீர் குடித்து ரத்தம் எடுக்கும் சோதனை. நம் இந்தியப் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வர வாய்ப்பு அதிகம் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். 16 முதல் 32 வாரத்துக்குள் கக்குவான் இருமல் தடுப்பூசி. 35 வாரம் தாண்டியதும் ஒரு கிருமிச் சோதனை செய்வார்கள். அதன் முடிவை உங்கள் குறிப்பில் எழுதி வாங்குங்கள், பிரசவ அறையில் கேட்பார்கள்.

4. அம்மாவை எப்போது வரச் சொல்வது

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம் நமக்கு. இங்கே தாய்வீடுதான் விமானம் ஏறி வர வேண்டியிருக்கிறது. இந்தியக் குடிமக்களுக்குச் சிங்கப்பூர் வர விசா வேண்டும்: படிவம் 14ஏ, புகைப்படம், பாஸ்போர்ட், கட்டணம் 30 வெள்ளி. வருவதற்கு முன் மூன்று நாளுக்குள் எஸ்ஜி வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே இல்லை. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது போலி.

நாங்கள் செய்த தவறு தேதியில். குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்பே அம்மாவை வரவழைத்துவிட்டோம். இறங்கியபோது கிடைத்தது 30 நாள். குழந்தை பிறந்தது குறித்த நாளுக்கு நான்கு நாள் கழித்து. கணக்குப் போட்டால் அம்மாவுக்கு மிச்சம் ஐந்தே நாள். தையல் வலியோடு உட்கார்ந்து நீட்டிப்புக்கு விண்ணப்பித்தோம். கிடைத்தது, ஆனால் அது கிடைத்தே தீரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பொதுவாக மொத்தம் 89 நாள் வரை நீட்டிக்கக் கேட்கலாம்.

என் யோசனை இதுதான்: 38ஆம் வாரம் முடியும்போது அம்மா வந்தால் போதும். உங்களுக்கு அவர் தேவைப்படுவது குழந்தை பிறந்தபின். நீட்டிப்பு விண்ணப்பத்தைப் பிரசவத்துக்கு முன்பே தயாராக நிரப்பி வையுங்கள்.

அம்மா வர முடியாதவர்கள் பிள்ளை பெற்ற பெண்ணைக் கவனிக்கும் ஆள் வைத்துக்கொள்வார்கள். மலேசியாவிலிருந்து வருபவர்களுக்கு 16 வாரம் வரை தனி வேலை அனுமதி உண்டு. நல்லவர்களை ஐந்தாம் மாதத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். உடம்பு பிடித்துவிடும் மாலிஷுக்கு வரும் மலாய்க்கார அம்மாக்களையும் அப்படித்தான், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

5. விடுப்பு: கணவருக்கும் சேர்த்து

குழந்தை சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்து, நீங்கள் அந்த வேலையில் பிரசவத்துக்கு முன் 3 மாதமாவது தொடர்ந்து இருந்திருந்தால், 16 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு. குழந்தை குடிமகனாக இல்லாவிட்டால் வேலை நியமனச் சட்டப்படி 12 வாரம். முதல் குழந்தைக்கு அதில் 8 வாரம்தான் முதலாளி சம்பளம் தர வேண்டியது.

2025 ஏப்ரல் 1 முதல் தந்தைக்கு 4 வாரம் அரசு விடுப்பு என்று செய்தியில் பார்த்ததும் நாங்கள் மகிழ்ந்துபோனோம். பிறகுதான் தெரிந்தது, அதுவும் குழந்தை குடிமகனாக இருந்தால்தான். எங்கள் மகளுக்கு அது பொருந்தவில்லை. கணவர் அந்த ஆண்டின் விடுப்பில் பாதியைத் தீபாவளிக்கு ஊர் போய் வந்ததிலேயே செலவழித்திருந்தார். உங்கள் வீட்டில் கர்ப்பம் உறுதியான அன்றே விடுப்பைச் சேர்க்கத் தொடங்கச் சொல்லுங்கள்.

6. பை, கோப்பு: 36ஆம் வாரம்

துணிமணிகளைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். நான் கோப்பைப் பற்றிச் சொல்கிறேன். ஒரே கோப்பில்: இருவரின் பாஸ்போர்ட், அடையாள அட்டை அல்லது பாஸ் அட்டை, திருமணப் பதிவுச் சான்றிதழின் மூலமும் நகலும், பரிசோதனை முடிவுகள், மதிப்பீட்டு மின்னஞ்சலின் அச்சு, காப்பீட்டுக் கடிதம், முன்பணம் கட்டும் அட்டை.

கோயிலில் கல்யாணம் செய்து ரசீது மட்டும் வைத்திருப்பவர்கள் நம்மில் நிறைய. ரசீது செல்லாது, சார்பதிவாளர் தரும் பதிவுச் சான்றிதழ்தான் வேண்டும். அது தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவை. ஊரிலிருந்து வாங்க வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் இதைப் படிக்கும் இன்றே பாருங்கள். சான்றிதழில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பையில் நான் வைக்க மறந்து தவித்தவை: நீளமான சார்ஜர் வயர், செருப்பு, உதட்டுக்குத் தடவ வாசலின், குளிருக்கு ஒரு சால்வை. பிரசவ அறை ஏசி நம் உடம்புக்குத் தாங்காது.

7. எப்போது கிளம்புவது

முதல் முறை நான் அவசரப்பட்டுப் போனேன். இரவு பத்து மணிக்கு வயிறு இறுகி இறுகி விட்டது. போனதும் வயிற்றில் பட்டை கட்டி அரை மணி நேரம் குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்தார்கள், கர்ப்பவாய் ஒரு சென்டிமீட்டர்தான் திறந்திருக்கிறது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கும் பில் உண்டு. வீட்டில் அம்மா ‘இது சூட்டு வலிம்மா’ என்று சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். குடித்து, வெந்நீரில் குளித்ததும் வலி அடங்கியது.

உண்மையான வலி அடங்காது. நடந்தாலும் படுத்தாலும் வரும். இடைவெளி குறைந்துகொண்டே போகும், வலி கூடிக்கொண்டே வரும். முதல் குழந்தை என்றால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, இப்படி ஒரு மணி நேரம் போனால் கிளம்பலாம். எனக்கு இரவு 9 மணிக்குக் கால் மணிக்கு ஒன்றாகத் தொடங்கியது, 3 மணிக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒன்றானது. முதுகின் அடியில் யாரோ கயிறு கட்டி முன்னுக்கு இழுப்பது போல இருந்தது. வலியின் நடுவே பேச முடியவில்லை. பேச முடியவில்லை என்பதே நல்ல அடையாளம் என்று பிறகு தாதி சொன்னார்.

ஆனால் சிலவற்றுக்கு நிமிடக்கணக்குப் பார்க்கவே கூடாது. பனிக்குடம் உடைந்து நீர் வந்தால், மாதவிலக்கு போல ரத்தம் பட்டால், குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், கடுமையான தலைவலியோடு கண் மங்கினால், 37 வாரத்துக்கு முன்பே வலி வந்தால், எந்த நேரமானாலும் உடனே போங்கள். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் போய்ச் சேர்ந்ததும் அதை முதலில் சொல்லுங்கள்.

போகும் வழி: சாதாரண வலிக்கு டாக்சி. இருக்கையில் விரிக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் கொட்டினாலோ குழந்தை வெளியே வருவது போல உணர்ந்தாலோ 995. ஆம்புலன்ஸ் உங்களைப் பக்கத்து மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோகும், நீங்கள் பதிந்த இடத்துக்குப் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதனால்தான் பரிசோதனை முடிவுகள் கையில் இருக்க வேண்டும் என்கிறேன். வீட்டின் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு அது தெரியாது.

8. பிரசவ அறையில்

உள்ளே பெரும்பாலும் ஒருவருக்குத்தான் அனுமதி. அம்மாவா, கணவரா என்பதை முன்பே பேசி முடித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது பேசப்படாமலே இருந்தது. வாசலில் நின்றபோது அம்மா தானாக ஒதுங்கிக்கொண்டார். அவர் முகம் எனக்கு மனசில் நிற்கிறது.

வலிக்கு மூன்று வழி சொல்வார்கள். முகமூடி வைத்து இழுக்கும் வாயு: தலை லேசாகச் சுற்றும், வலி போகாது, ஆனால் மூச்சைப் பிடித்து இழுப்பதிலேயே கவனம் போய்விடும். தொடையில் போடும் பெத்தடின் ஊசி: தூக்கம் வரும், குமட்டும், குழந்தையும் மந்தமாக இருக்கலாம் என்பதால் பிரசவம் நெருங்கிவிட்டால் தர மாட்டார்கள். மூன்றாவது முதுகில் போடும் எபிடியூரல். வலியை நிஜமாகவே எடுப்பது அதுதான்.

எபிடியூரல் பற்றி யாரும் எனக்குச் சொல்லாதது, அதைப் போடுபவர் தனி மருத்துவர் என்பது. 4 மணிக்குச் சேர்ந்தேன், தாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். 7 மணிக்குக் கேட்டேன். மயக்க மருத்துவர் ஒரு அவசர சிசேரியனில் இருந்தார். அவர் வந்தபோது 8.30. அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் கட்டில் கம்பியைக் கடித்தேன், கணவரின் சட்டையைக் கிழித்தேன், அம்மா அம்மா என்று கத்தினேன். கேரளத்துத் தாதி ஒருவர் என் நெற்றியில் ஈரத்துணி வைத்து ‘மோளே, மூச்சு விடு, மூச்சு விடு’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை நான்.

ஆகவே, எபிடியூரல் வேண்டும் என்று முடிவெடுக்காவிட்டாலும், சேர்ந்த உடனே கேளுங்கள்: இப்போது கேட்டால் எவ்வளவு நேரத்தில் வருவார்? ஒப்புதல் படிவத்தை நிதானமாக இருக்கும்போதே படித்து வையுங்கள். ஊசி போடும்போது முதுகை இறால் போல வளைத்து அசையாமல் இருக்க வேண்டும். அது முடிந்து கால் மணி, இருபது நிமிடத்தில் வலி விலகும். கால் மரத்துப்போகும், எழுந்து நடக்க முடியாது, சிறுநீருக்குக் குழாய் வைப்பார்கள். எனக்கு ஒரு மணி நேரம் தூக்கம் வந்தது. ஒன்பது மாதத்தில் நான் தூங்கிய மிகச் சிறந்த தூக்கம் அது.

வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களும் உண்டு, அது அவரவர் உடம்பு. ‘நாங்கள்லாம் தாங்கலையா’ என்று யாராவது சொன்னால் அதற்காகத் தாங்க வேண்டாம். ‘எதுக்கு வீணா வலி’ என்று சொன்னால் அதற்காகவும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம்.

சில மணி நேரத்துக்கு ஒருமுறை கர்ப்பவாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கைவிட்டுப் பார்ப்பார்கள். சங்கடமாக இருக்கும். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். அவசரம் இல்லாவிட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்வார்கள். ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை என்றால் தமிழ் தெரிந்த தாதி இருக்கிறாரா என்று கேட்கத் தயங்காதீர்கள். வலியில் எனக்குத் தமிழ்கூடச் சரியாக வரவில்லை.

10 சென்டிமீட்டர் ஆனதும் முக்கச் சொல்வார்கள். எபிடியூரலில் எப்போது முக்குவது என்று தெரியாது, திரையைப் பார்த்துத் தாதி சொல்வார். மலம் கழிக்க முக்குவது போலவே முக்க வேண்டும். கழிந்துவிடுமோ என்று கூச்சப்பட்டு நான் முதல் அரை மணி நேரத்தை வீணாக்கினேன். கழியத்தான் செய்யும், அவர்கள் துடைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். கூச்சத்தை விட்டதும்தான் குழந்தை இறங்கியது. தலை வரும்போது ‘நிறுத்து, முக்காதே’ என்பார்கள். அந்த நேரத்தில் வாயால் மூச்சை ஊதி ஊதி விடுங்கள், அப்போதுதான் கிழிசல் குறையும். நண்பகல் 1.20க்கு மகள் பிறந்தாள். கணவர் தொப்புள்கொடியை வெட்டினார். ஈரத்தோடு நெஞ்சில் போட்டார்கள். அவ்வளவு சூடாக இருப்பாள் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அப்புறம் நஞ்சுக்கொடி வரும், தையல் போடுவார்கள். எல்லாம் முடிந்து சூடான மைலோவும் ரொட்டியும் தந்தார்கள்.

சிசேரியன் என்று திடீரென முடிவானால், ஏன் என்ற கேள்வியை ஒருமுறை கேளுங்கள். குழந்தையின் துடிப்பு குறைகிறது என்றால் அதற்குமேல் பேச நேரமில்லை, கையெழுத்துப் போடுங்கள். அக்காவுக்கு இரண்டாவது குழந்தை அப்படித்தான் பிறந்தது. அதைத் தோல்வி என்று அவர் நெடுநாள் மனசுக்குள் வைத்திருந்தார். அது எந்த வகையிலும் தோல்வி இல்லை.

9. வார்டிலிருந்து வீட்டுக்கு

சுகப்பிரசவம் என்றால் ஓரிரு நாள், சிசேரியன் என்றால் மூன்று நாள் போல வைத்திருப்பார்கள். அதற்குள் குழந்தைக்குப் பிசிஜி, ஹெபடைடிஸ் பி ஊசிகள், காது கேட்கும் சோதனை எல்லாம் நடக்கும். பால் கொடுக்கச் சொல்லித்தரும் தாதியை முதல் நாளே வரவழையுங்கள், மார்பு புண்ணான பின் அழைப்பதில் பயனில்லை. சீம்பால் துளித்துளியாகத்தான் வரும், அது போதும்.

சேனை வைக்கிறேன் என்று பெரியவர்கள் தேன் கொண்டுவந்தால் மென்மையாக மறுத்துவிடுங்கள். ஒரு வயது வரை தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி குழந்தையின் நரம்புகளைத் தாக்கும். என் அம்மாவிடம் தாதியே விளக்கினார். அம்மா விரலால் உதட்டைத் தொட்டு வாழ்த்தியதோடு நிறுத்திக்கொண்டார்.

இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பார்கள். அந்த முடிவைக் கேட்டு வாங்குங்கள். குறைபாடு இருந்தால் அந்துருண்டை, பாச்சா உருண்டை என்று நாம் சொல்வது குழந்தைக்கு ஆபத்து. ரத்த அணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். நம் வீடுகளில் குழந்தைக்கு விரிக்கவென்று பழைய பருத்திப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுப்போம். அந்தப் பெட்டியில்தான் அந்துருண்டை கிடக்கும். ஊரிலிருந்து அம்மா கொண்டுவந்த புடவைகளில் அந்த வாசம் அடித்தது. மகளுக்குக் குறைபாடு இல்லை என்றாலும் நாங்கள் அவற்றைப் பயன்படுத்தவில்லை.

வீடு திரும்ப டாக்சி பிடியுங்கள். 1.35 மீட்டருக்குக் குறைவான குழந்தைகளுக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம்; டாக்சிக்கு விலக்கு உண்டு, செயலியில் வரும் தனியார் வாடகைக் காருக்கு விலக்கு இல்லை. எங்களை ஏற்றாமல் ஒரு கார் போய்விட்டது. ஓட்டுநர் மேல் தவறில்லை. சொந்தக் கார் என்றால் குழந்தை இருக்கையை முன்பே பொருத்திப் பழகிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பாலிகிளினிக்கிலோ கிளினிக்கிலோ மஞ்சள் காமாலை பார்க்க வேண்டும். குதிகாலில் குத்திச் சொட்டு ரத்தம் எடுப்பார்கள். காலை வெயிலில் காட்டினால் போதும் என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். அளவு கூடினால் நீல விளக்கின் கீழ் வைக்க வேண்டியிருக்கும்.

10. 42 நாள்

பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். அரசின் லைஃப்எஸ்ஜி செயலியில் செய்யலாம், கட்டணம் 18 வெள்ளி. 2022 மே 29 முதல் சான்றிதழ் மின்வடிவில்தான் வருகிறது. அறிவிப்பு வந்து 90 நாளுக்குள் தரவிறக்கி இரண்டு மூன்று இடத்தில் சேமியுங்கள். இருவரின் சிங்பாஸும் (அரசுச் சேவைகளுக்கான இணைய அடையாளம்) வேலை செய்கிறதா என்று பிரசவத்துக்கு முன்பே பாருங்கள்.

பெயர் விஷயத்தில் நிதானம் வேண்டும். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இந்தியப் பாஸ்போர்ட் படிவத்திலோ அதற்குக் கட்டம் இருக்கும். தந்தை பெயரை எங்கே, எந்த எழுத்துகளில் எழுதுவது என்று ஒரே முடிவெடுத்து, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், பாஸ் மூன்றிலும் அதையே எழுதுங்கள். நியூமராலஜி பார்ப்பவர்கள் முதல் வாரத்துக்குள் பார்த்து முடித்துவிடுங்கள்.

பெற்றோரில் ஒருவர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்து, சட்டப்படி திருமணம் ஆனவர்களாக இருந்தால், இங்கே பிறக்கும் குழந்தை குடிமகன். அரசு தரும் பேபி போனஸ் உதவித்தொகை முதல் இரண்டு குழந்தைகளுக்குத் தலா 11,000 வெள்ளி, தவணையாக வரும். குழந்தை மேம்பாட்டுக் கணக்கில் 5,000 வெள்ளி தொடக்க மானியம். 2025 ஏப்ரல் 1 முதல் பிறந்தவர்களுக்கு மெடிசேவில் 5,000 வெள்ளி. மூன்றாவது குழந்தையிலிருந்து தொகைகள் கூடும். பிரசவத்துக்கு எட்டு வாரம் இருக்கும்போதே இதற்கு விண்ணப்பிக்கலாம்.

பெற்றோர் இருவரும் நிரந்தரவாசிகளாக இருந்தாலும் குழந்தைக்கு அந்தத் தகுதி தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். எங்களைப் போல இருவரும் வெளிநாட்டவர் என்றால், குழந்தை இங்கே தங்குவதற்கான பாஸையும் அதே 42 நாளுக்குள் பார்க்க வேண்டும். வரிசை இப்படி: பிறப்புப் பதிவு, இந்தியத் தூதரகம் வழியாகப் பாஸ்போர்ட், பிறகு கணவரின் கம்பெனி மூலம் டிபென்டன்ட் பாஸ். ஒன்று இல்லாமல் அடுத்தது நகராது. பதிவை முதல் வாரத்திலேயே முடித்தால்தான் மற்ற இரண்டுக்கும் நாள் கிடைக்கும்.

பாஸ்போர்ட்டுக்கு இருவரின் கையெழுத்தோடு ஒப்புதல், இருவரின் பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், குழந்தையின் படம் வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும், பின்னணி வெள்ளை. வெள்ளைப் போர்வையில் படுக்கவைத்து, பால் குடித்து விழித்திருக்கும் நேரத்தில் மேலிருந்து எடுங்கள். இந்தியக் குடியுரிமைக்காகப் பிறப்பைத் தூதரகத்தில் பதியவும் வேண்டும். அதற்கு ஓராண்டு அவகாசம் இருக்கிறது என்றாலும் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே முடியுங்கள்.

டிபென்டன்ட் பாஸுக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் (இன்னொரு வகை வேலை அனுமதி) வைத்திருப்பவரின் நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு 105 வெள்ளி, பாஸ் வழங்க 225 வெள்ளி. 42 நாளுக்குள் முடியாது போலத் தெரிந்தால், நாள் தாண்டுவதற்கு முன்பே குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தை அணுகிக் கேளுங்கள். தாண்டியபின் போனால் விளக்கம் சொல்ல வேண்டிய நிலைக்கு ஆளாவீர்கள்.

11. உங்கள் உடம்பு

காகித வேலையில் நம்மை மறந்துவிடுகிறோம். பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு, லேகியம் எல்லாம் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கிடைக்கும். லேகியம் சாப்பிடுவதானால் என்ன சேர்ந்திருக்கிறது என்று மருத்துவரிடம் காட்டுங்கள். பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள், பால் கொடுக்கும் உடம்புக்குத் தண்ணீர் வேண்டும். என் அம்மாவோடு நான் உரக்கப் பேசியது இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு மணி நேரத்தில் பேடு முழுக்க நனையும் அளவு ரத்தம், நாற்றமுள்ள கசிவு, கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கமும் வலியும், இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வரும், எனக்கும் வந்தது. இரண்டு வாரம் தாண்டியும் தீராவிட்டால், குழந்தையைப் பார்த்தாலே பயமாகவோ வெறுமையாகவோ இருந்தால், வீட்டில் சொல்லுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவில் யாரும் இல்லை என்றால் 1767 எண்ணில் 24 மணி நேரமும் பேச ஆள் இருப்பார்கள்.

ஆறாம் வாரம் உங்களுக்கான பரிசோதனை. கணக்குப் பார்த்தால் அதுவும் 42ஆம் நாளும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். அந்தச் சந்திப்பை மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன்பே பதிந்துவிடுங்கள், காலை முதல் நேரமாகக் கேளுங்கள். தையல், சிறுநீர் கசிவு, அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போடும் வழி, கர்ப்பகாலச் சர்க்கரை இருந்திருந்தால் மறுசோதனை, இந்த நான்கையும் எழுதிக்கொண்டு போங்கள். நான் மூன்றைக் கேட்டுவிட்டு, குழந்தை அழுததில் நான்காவதை மறந்து, மறுபடி ஒரு நாள் போய் வந்தேன்.